கரையைக் கடந்தபின்: காலநிலை அறிவியலின் தமிழ் விளக்கமொழி – செஞ்சிப் பகுதியை முன்வைத்து ஒரு திறனாய்வு

ஆய்வுச் சுருக்கம்

காலநிலை அறிவியலை ஆய்வாளர்கள் பொதுமக்களுக்கு எடுத்துரைக்கும் தமிழில் கலைச்சொற்கள் போதவில்லை என்பதே வழக்கமாகச் சுட்டப்படும் குறை. அன்றாடச் சொற்கள் முன்னறிவிப்பின்றிக் கலைச்சொற்களாக ஆளப்படுவதே அதனினும் பெரிய இடர் என்று இக்கட்டுரை வாதிடுகிறது. 2024 நவம்பர் இறுதியில் வந்த ஃபெஞ்சல் புயலையொட்டி வழங்கிய சொற்களும், காலநிலை மாற்றம் குறித்த பொது எழுத்துகளில் பயிலும் சில தொடர்களும் செஞ்சி வட்டாரத்து வாசகரின் நிலையிலிருந்து ஆராயப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: அறிவியல் தமிழ், காலநிலை மாற்றம், வானிலை அறிவிப்பு, ஃபெஞ்சல் புயல், செஞ்சி, கலைச்சொல்

முன்னுரை

தமிழில் அறிவியலைச் சொல்ல இயலுமா என்ற கேள்வி பழையது. பெ. நா. அப்புசாமி முதலானோர் எழுதிக் காட்டியே அதற்கு விடையளித்தனர். இராஜாஜி தம் வேதியியல் நூலுக்குத் ‘திண்ணை ரசாயனம்’ என்று பெயரிட்டார். அறிவியல் வந்து அமரும் இடம் எது என்பதை அத்தலைப்பே சொல்லிவிடுகிறது. அதன்பின் வந்த விவாதங்களோ பெரும்பாலும் கலைச்சொல்லாக்கத்தையே சுற்றிவந்தன. எச்சொல் தூயது, எது நிலைபெறும் என்பனவே பேசப்பட்டன. விளக்கம் யாரை நோக்கியது, அவர் எங்கிருந்து கேட்கிறார் என்பன பின்னுக்குத் தள்ளப்பட்டன.

காலநிலை அறிவியலில் இப்புறக்கணிப்புக்கு விலை உண்டு. அணுவின் அமைப்பைத் தவறாகப் புரிந்துகொண்ட வாசகர் அன்றிரவே இடருக்கு ஆளாவதில்லை. மழை குறித்த ஒரு தொடரைத் தவறாகப் புரிந்துகொண்டவர் ஆளாகக்கூடும்.

செஞ்சி இவ்வாய்வுக்கு ஏற்ற களம். விழுப்புரம் மாவட்டத்துக்குக் கடற்கரை உண்டு. செஞ்சி அதனின்று விலகி உள்நாட்டில், இராசகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி ஆகிய குன்றுகளுக்கிடையே அமைந்துள்ளது. 2025 ஜூலையில் மராத்தியர் படைத்துறை நிலக்காட்சிகளுள் ஒன்றாக அதன் கோட்டை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றது. இங்கு வேண்டுவது அவ்வரலாறன்று. ஏரிப்பாசனத்தையும் வடகிழக்குப் பருவமழையையும் நம்பிய ஓர் உள்நாட்டு வட்டாரத்தில் கடலை மையமாகக் கொண்ட அறிவிப்பு மொழி எவ்வாறு ஒலிக்கிறது என்பதே கேள்வி.

கரையும் வலுவும்

ஃபெஞ்சல் 2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. அதற்கு முந்தைய நாள்களில் பொதுவெளியின் கவனம் முழுவதும் ஒரே வினாவில் நிலைத்திருந்தது: இது புயலாகுமா, ஆகாதா? ஆகாது என்றே ஒரு கட்டத்தில் கருதப்பட்டு, நவம்பர் 29 அன்று அது புயலாக அறிவிக்கப்பட்டது. இவ்வகைப்பாட்டின் அடிப்படை காற்றின் வேகம் மட்டுமே. நிலையான காற்று மணிக்குச் சுமார் 62 கிலோமீட்டரை எட்டினால் புயல். எட்டாவிடில் ஆழ்ந்த காற்றழுத்தத் தாழ்வு மண்டலம். எவ்வளவு மழை பெய்யும் என்பதற்கும் இப்பெயர்களுக்கும் நேரடித் தொடர்பில்லை. துறையினர்க்கு இது பாலபாடம். பொதுமக்களுக்கு யாரும் அழுத்திச் சொல்லாத செய்தி.

கரையைக் கடந்த பின்னர் அப்புயல் பல மணி நேரம் ஏறக்குறைய நகராமல் நின்றது. டிசம்பர் 1 காலையுடன் முடிந்த 24 மணி நேரத்தில் செஞ்சிக்குக் கிழக்கேயுள்ள மயிலத்தில் சுமார் 50 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. புதுச்சேரியில் 45 சென்டிமீட்டரைத் தாண்டியது. அன்று பகலில் புயல் ஆழ்ந்த காற்றழுத்தத் தாழ்வு மண்டலமாக ‘வலுவிழந்தது’. அன்று மாலைதான் திருவண்ணாமலையில் மண்சரிவு நேர்ந்து ஏழு பேர் உயிரிழந்தனர். மறுநாள் காலைக்குள் கிருஷ்ணகிரி மாவட்டம் ஊத்தங்கரையில் மீண்டும் சுமார் 50 சென்டிமீட்டர். டிசம்பர் 2 அதிகாலை சாத்தனூர் அணையிலிருந்து நொடிக்கு 1.68 லட்சம் கன அடி நீர் தென்பெண்ணையில் திறந்துவிடப்பட்டது.

திண்டிவனத்திலிருந்து செஞ்சி, திருவண்ணாமலை, செங்கம், ஊத்தங்கரை வழியாகக் கிருஷ்ணகிரி செல்லும் நெடுஞ்சாலையை இவ்வட்டாரத்தார் அனைவரும் அறிவர். பெருமழை ஏறக்குறைய அச்சாலையின் திசையிலேயே மேற்கு நோக்கிச் சென்றது. உள்நாட்டின் பேரழிவுகள் அனைத்தும் ‘கரையைக் கடந்தது’, ‘வலுவிழந்தது’ என்னும் இரு வினைமுற்றுகளுக்குப் பின்னரே நிகழ்ந்தன.

இவ்விரு தொடர்களும் அறிவியல் நோக்கில் பிழையற்றவை. புயலின் மையம் கடலிலிருந்து நிலத்துக்கு வந்ததை முதலாவது குறிக்கிறது. காற்றின் வேகம் குறைந்ததை இரண்டாவது குறிக்கிறது. ஆயினும் தமிழில் கரை என்னும் சொல் தனியே வருவதில்லை. கரையேறுதல், கரைசேர்தல், கரைகாணுதல் ஆகிய வழக்குகள் அனைத்திலும் துன்பத்தின் முடிவே பொருள். ஆற்றைக் கடந்தவன் பிழைத்தவன். கடலிலிருப்போர்க்குக் கரை புகலிடம். புயலுக்கோ அது நுழைவாயில். இரண்டையும் ஒரே சொல்லால் சொல்லும்போது, கேட்பவர் தமக்குப் பழகிய பொருளையே எடுத்துக்கொள்வார். அதிலும் கடலைப் பாராத ஊரில் இருப்பவருக்குக் கரை கடந்த செய்தி தம்மைப் பற்றியதன்று என்ற எண்ணமும் சேர்ந்துகொள்ளும். ‘புயலின் மையம் நிலத்துக்குள் வந்துவிட்டது’ என்று சொல்லியிருந்தால் செஞ்சியிலிருப்பவர் ‘எந்தப் பக்கம் போகிறது?’ என்று கேட்டிருப்பார். கேள்வியைத் தூண்டும் தொடருக்கும் கேள்வியை முடித்துவைக்கும் தொடருக்கும் உள்ள வேறுபாடு இதுவே.

எச்சரிக்கை விடுக்கப்படவில்லை என்று இதற்குப் பொருளன்று. விழுப்புரம் மாவட்டத்துக்குச் சிவப்பு எச்சரிக்கை இருந்தது. எச்சரிக்கையின் நிறம் சொன்னதும் அதனை அடுத்து வந்த வினைமுற்று சொன்னதும் ஒன்றோடொன்று முரண்பட்டன என்பதே இங்குச் சுட்டப்படுவது. நிறங்களின் நிலையும் தெளிவானதன்று. மஞ்சள் ‘கவனித்திரு’, ஆரஞ்சு ‘ஆயத்தமாயிரு’, சிவப்பு ‘செயற்படு’ என்பவை அவற்றின் பொருள்கள். மூன்றும் வழக்கில் ‘அலர்ட்’ என்ற ஒற்றைச் சொல்லோடு ஒட்டி நிற்பதால், செயற்படச் சொல்வது எது என்ற வேறுபாடு நிறத்தின் மேல் மட்டுமே தொங்குகிறது.

அளவுச் சொற்கள்

‘ஓரிரு இடங்களில் மழை பெய்யக்கூடும்’ என்ற தொடரைக் கேலி செய்யாத தமிழர் அரியர். எப்படியும் தப்பாத சோதிடம் என்றே அது பலராலும் கருதப்படுகிறது. உண்மையில் அது வரையறுக்கப்பட்ட அளவு. ஒரு பரப்பிலுள்ள மழைமானி நிலையங்களுள் 25 விழுக்காடு வரையிலானவற்றில் மழை பதிவானால் ‘ஓரிரு இடங்கள்’. 26 முதல் 50 வரை ‘ஒருசில இடங்கள்’. 51 முதல் 75 வரை ‘அநேக இடங்கள்’. அதற்கு மேல் ‘பெரும்பாலான இடங்கள்’. நான்கும் பரப்பின் அளவுகள், நிகழ்தகவு அல்ல. மழை பெய்வது உறுதி, ஆனால் கால்பங்கு நிலையங்களில்தான் என்று அறிவிப்பாளர் சொல்கிறார். பெய்தாலும் பெய்யும் என்று கேட்பவர் விளங்கிக்கொள்கிறார். ‘கூடும்’ என்ற துணைவினை இக்குழப்பத்தை முழுமையாக்குகிறது.

‘கனமழை’ இன்னொரு சான்று. ஐப்பசியில் அடைமழை, கார்த்திகையில் கனமழை என்பது வழக்கு. நாள்கணக்கில் விடாது பெய்வது அடைமழை. ஒரே வீச்சில் கொட்டுவது கனமழை. கால அளவையும் செறிவையும் பிரித்தறிந்த அழகிய இணை அது. வானிலைத் துறை அதில் ஒன்றை மட்டும் எடுத்து எண் பொருத்தியது. 24 மணி நேரத்தில் 6.45 சென்டிமீட்டருக்கு மேல் கனமழை, 11.56-க்கு மேல் மிகக் கனமழை, 20.44-ஐத் தாண்டினால் அதிகனமழை. ஏணி அங்கே முடிந்துவிடுகிறது. 21 சென்டிமீட்டரும் மயிலத்தின் 50 சென்டிமீட்டரும் ஒரே படியில் நிற்கின்றன. அரிதினும் அரிதாக இருந்தவரை இதனால் இடரில்லை. தமிழகம் அண்மை ஆண்டுகளில் 50 சென்டிமீட்டரையொட்டிய மழையைப் பலமுறை கண்டுவிட்டது. 2015 டிசம்பர் 1 அன்று தொடங்கிய 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் பதிவானதும் இங்கு நினைக்கத்தக்கது. ‘அதி’ என்ற முன்னொட்டுக்கு மேல் ஏற இடமில்லாத மொழியில் அடுத்த பெருமழையை எப்படிச் சொல்வது?

இதற்குப் புதுச்சொல் வேண்டியதில்லை. ஓர் ஏக்கரில் ஒரு சென்டிமீட்டர் மழை என்பது ஏறத்தாழ 40,000 லிட்டர். 50 சென்டிமீட்டர் என்பது 20 லட்சம் லிட்டர், பத்தாயிரம் லிட்டர் கொள்ளும் தண்ணீர் லாரியில் இருநூறு லாரி. செஞ்சி ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்துக்கு, மக்கள் வழக்கில் ‘கமிட்டி’க்கு, நெல்லோ மல்லாட்டையோ மூட்டை கட்டிக் கொண்டுவரும் விவசாயிக்கு இக்கணக்கு முன்னொட்டைவிட விரைவில் விளங்கும். அவருடைய சொந்த அலகான ‘உழவு மழை’ இன்னும் வழக்கொழியவில்லை. ஏர் ஓட்டுமளவு மண் நனைவது ஓர் உழவு. மேகத்திலிருந்து எவ்வளவு விழுந்தது என்பதை மழைமானி சொல்ல, மண் எவ்வளவு வாங்கியது என்பதை இவ்வலகு சொல்கிறது. வேளாண் அறிவுரைகளில் இவ்விரண்டும் அருகருகே அச்சிடப்படலாம்.

பருவமும் காலமும்

சொல்லின் பெயர்ச்சி நாட்டுக்கு நாடு மாறுவதையும் சுருக்கமாகக் குறிப்பிட வேண்டும். தமிழ்நாட்டில் அன்றாட நிலை வானிலை எனவும் நீண்டகாலச் சராசரி காலநிலை எனவும் பாடநூல்கள் பிரிக்கின்றன. இலங்கைத் தமிழ் இதழ்களிலோ மழைவெள்ளச் செய்தி ‘சீரற்ற காலநிலை காரணமாக’ என்றே பெரிதும் தொடங்கும். அங்குக் காலநிலை என்பது இன்றைய மழையும்தான். ஃபெஞ்சல் முதலில் இலங்கையின் கிழக்குப் பகுதியை நனைத்து, பின்னர் தமிழகக் கரைக்கு வந்தது. ஒரே மழை, பாக்கு நீரிணையின் ஒரு கரையில் காலநிலை, மறுகரையில் வானிலை. தமிழக நாளிதழ்கள் பல ‘பருவநிலை மாற்றம்’ என எழுதுகின்றன. அரசுத் துறையின் பெயரில் ‘காலநிலை மாற்றம்’ உள்ளது. பருவநிலை மாறுவது ஆண்டுதோறும் நடப்பதுதானே என்று ஒரு வாசகர் எண்ணினால் அவரைக் குறைசொல்ல இயலாது. இரண்டனுள் ‘காலநிலை’யை நிலைபெறச் செய்வதே தகும்.

பசுமை இல்லமும் செஞ்சிப் பாறையும்

புவி சூடாவதை விளக்கப் புகும் எழுத்துகள் ஏறக்குறைய அனைத்தும் பசுமை இல்லம் என்ற உருவகத்தில் தொடங்குகின்றன. பசுமைக்குடில், பசுங்குடில், இலங்கையில் பச்சைவீடு என வடிவங்கள் பல, உருவகம் ஒன்றே. குளிர்நாட்டில் செடியை வெதுவெதுப்பாக வைத்திருக்கும் கண்ணாடி அறை அது. தமிழ் உழவர் கண்ட குடில் பெரும்பாலும் நாற்றுக்கு வெயில் படாமல் காக்கும் நிழல்வலைக் குடில். அது தணிப்பது, சூடாக்குவதன்று. பசுமை என்ற அடைமொழியும் நல்லதொன்றையே குறிப்பது. ஆகவே ‘பசுமை இல்ல வாயுக்கள் தீங்கானவை’ என்ற வாக்கியம் தமிழில் தன்னைத்தானே மறுத்துக்கொண்டு நிற்கிறது. இயற்பியல் நோக்கிலும் உருவகம் சரியன்று. கண்ணாடி அறை சூடாவதற்கு முதன்மைக் காரணம் வெப்பக்காற்று வெளியேறிக் கலக்க முடியாமைதான். வளிமண்டலம் வெப்பத்தைக் காப்பது வேறு வழியில்.

அவ்வழியைச் செஞ்சியிலேயே காட்டலாம். கோடையில் பகல் முழுதும் வெயிலைக் குடித்த கருங்கற்குன்றுகள் பொழுது சாய்ந்த பிறகும் அனலை வீசிக்கொண்டிருக்கும். கண்ணுக்குத் தெரியாத அவ்வனலில் பெரும்பங்கு அகச்சிவப்புக் கதிர். தரை முழுவதும் இவ்வாறே வெப்பத்தை வானுக்குத் திருப்பித் தருகிறது. மார்கழியில் வானம் தெளிந்திருந்தால் அது தடையின்றி வெளியேறும். விடியலில் பனி இறங்கும். மேகம் மூடிய இரவில் வெளியேறும் வெப்பத்தின் ஒரு பங்கு கீழ்நோக்கியே திரும்பி வரும், இரவு புழுங்கும். மேகம் ஓர் இரவு செய்வதை நீராவியும் கரியமில வாயுவும் ஆண்டு முழுதும் செய்கின்றன. தொழிற்புரட்சிக்கு முன் காற்றில் பத்து லட்சத்துக்குச் சுமார் 280 பங்கு இருந்த கரியமில வாயு இன்று 420-ஐக் கடந்துவிட்டது. புழுக்கம் என்ற சொல்லை அறிந்த எவருக்கும் இவ்விளக்கத்தின் முதற்பாதி ஏற்கெனவே தெரியும். விளக்கவுரை அங்கிருந்து தொடங்காமல் கண்ணாடி வீட்டிலிருந்து தொடங்குவது மொழிபெயர்ப்புப் பழக்கம் என்றே கருத வேண்டியுள்ளது.

‘ஆல்’ உருபும் ‘இல்லை’யும்

‘காலநிலை மாற்றத்தால் பெருமழை’ என்பது இன்று தலைப்புகளில் பழகிய தொடர். மூன்றாம் வேற்றுமைக்கு நன்னூல் கருவி, கருத்தா, உடனிகழ்தல் என்னும் பொருள்களைக் கூறுகிறது. ‘ஆல்’ என்ற உருபு வந்தவுடன் வாசகர் கருவியையோ கருத்தாவையோ தேடுவார். ஒரு வினைக்கு ஒரு கருத்தா போதும் என்று அமைதியும் கொள்வார். ஆய்வாளர் சொல்ல விரும்புவது அதுவன்று. காற்று ஒரு பாகை செல்சியஸ் சூடானால் அது தாங்கும் நீராவி சுமார் 7 விழுக்காடு கூடும். எனவே எப்படியும் பெய்யவிருந்த மழை இன்னும் செறிவாகப் பெய்ய வாய்ப்பு மிகும். இங்குக் காலநிலை மாற்றம் கருத்தாவன்று; மிகுவிப்பது. ஏரி தூர்ந்ததும், வரத்துக்கால் அடைபட்டதும், புயல் நகராது நின்றதும் அதனோடு சேர்கின்றன.

இதன் மறுபக்கத்துக்கு 2015 சென்னை மழை குறித்த ஆய்வு நல்ல சான்று. நெதர்லாந்து வானிலை நிறுவனத்தைச் சேர்ந்த கீர்ட் யான் வான் ஓல்டன்போர்க் தலைமையிலான குழு, அம்மழையில் புவி வெப்பமடைதலின் தாக்கம் கண்டறியப்படவில்லை என்று 2016-இல் வெளியிட்டது. வங்கக்கடலின் மேற்குப் பகுதியில் கடற்பரப்பு வெப்பம் அதுவரையான முப்பத்தைந்து ஆண்டுகளில் உயர்ந்திருக்கவில்லை. காற்றிலுள்ள தூசுப்படலம் வெப்பமூட்டலை ஈடுகட்டியிருக்கலாம் என்பது அவர்கள் தந்த விளக்கம். ‘தாக்கம் கண்டறியப்படவில்லை’ என்பதும் ‘தாக்கம் இல்லை’ என்பதும் தமிழில் மிக எளிதாக ஒன்றாகிவிடும். ஐயப்படுவோர் இரண்டாவதாகப் படிக்கின்றனர். ஆர்வலர் இம்முடிவைச் சொல்லாமலே விடுகின்றனர். பின்னதே கூடுதல் வருத்தத்துக்குரியது. தனக்கு ஒவ்வாத முடிவையும் வெளியிடும் துறை என்பதைக் காட்டுவதே காலநிலை அறிவியல்மீது நம்பிக்கை ஏற்படுத்தும் வலிய வழி. அவ்வாய்ப்பு தமிழில் பெரும்பாலும் தவறவிடப்பட்டது.

உறுதியின் அளவைச் சொல்வதிலும் இதே சிக்கல். பன்னாட்டுக் காலநிலைக் குழுவான ஐ.பி.சி.சி. தன் அறிக்கைகளில் 66 விழுக்காட்டுக்கு மேலான வாய்ப்புக்கு ஒரு சொல்லையும் 90-க்கு மேல், 99-க்கு மேல் என வேறு சொற்களையும் வகுத்துள்ளது. அதன் சுருக்கங்கள் ஐ.நா.வின் ஆறு மொழிகளில் வருகின்றன. தமிழ் அவற்றுள் இல்லை. ஆகவே தமிழில் எழுதுவோர் ஒவ்வொருவரும் தமக்குத் தோன்றியபடி ‘வாய்ப்புள்ளது’, ‘பெரும்பாலும்’ என்று எழுதுகின்றனர். டேவிட் புடெஸ்குவும் உடன் ஆய்வாளர்களும் 2009-இல் வெளியிட்ட ஆய்வு, ஆங்கில வாசகர்களே அச்சொற்களை வரையறையைவிடக் குறைவான உறுதியாகப் படித்தனர் என்றும், சொல்லோடு எண்ணையும் சேர்த்துத் தந்தபோது புரிதல் மேம்பட்டது என்றும் காட்டியது. தமிழ் எழுத்துக்கு இது செலவில்லாத பாடம். ‘வாய்ப்புள்ளது’ என்பதற்குப் பக்கத்தில் ‘பத்தில் ஒன்பது’ என்று எழுத இடம் அதிகம் வேண்டாம்.

ஏரியும் கோடியும்

இந்தியப் புவி அறிவியல் அமைச்சகம் 2020-இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, 1901 முதல் 2018 வரை நாட்டின் சராசரி வெப்பநிலை சுமார் 0.7 பாகை செல்சியஸ் உயர்ந்துள்ளது. வெப்பமண்டல இந்தியப் பெருங்கடலின் மேற்பரப்பு 1951–2015 காலத்தில் சுமார் ஒரு பாகை சூடாகியுள்ளது. இவ்வெண்கள் தமிழில் வெளிவரும்போது வாசகர் எழுப்பும் கேள்வி ஒன்றே: அவ்வளவுதானா? காலைக்கும் மாலைக்கும் பத்துப் பாகை மாறும் ஊரில் 0.7 என்ன செய்துவிடும்? இக்கேள்வி அறியாமையிலிருந்து பிறப்பதன்று. சராசரியைச் சராசரியாகவே விட்டுவிடும் விளக்கத்திலிருந்து பிறப்பது.

விடை ஏரியில் உள்ளது. செஞ்சிக் கோட்டையின் நீரமைப்பே இதற்குப் போதுமான உருவம். குன்றின் மேலுள்ள சுனைகள், கீழே மழைநீரைத் தேக்கும் குளங்கள், கல்யாண மகாலுக்கு நீர் கொணர்ந்த சுடுமண் குழாய்கள் ஆகியன அனைத்தும் ஆண்டில் சில வாரங்களே பெய்யும் மழையை ஆண்டு முழுதும் நீட்டிப்பதற்கானவை. 1690 முதல் 1698 வரை முகலாயர் முற்றுகை இழுபட்டபோது உள்ளிருந்தோர்க்கு இவ்வமைப்பே துணை. ஊர் ஏரிகளும் அதே தத்துவத்தின. ஏரியின் கொள்ளளவு வழக்கமாக வரும் மழையைப் பார்த்து அமைவது. கோடியின் அகலமோ எப்போதாவது வரும் பெருமழையைப் பார்த்து அமைவது. மடையும் மதகும் சராசரிக்கு, கோடி அதீதத்துக்கு. காலநிலை மாற்றம் முதலில் தொடுவது கொள்ளளவையன்று, கோடியை. பருவத்தின் மொத்த மழை மாறாமலே இருக்கலாம். முப்பது நாளில் பெய்தது மூன்று நாளில் பெய்தால் கோடி வழியே பாய்ந்து போகும் நீர் வேறு, கரை தாங்க வேண்டிய அழுத்தம் வேறு, தை மாதத்தில் ஏரியில் எஞ்சுவது வேறு. 0.7 என்ற எண் தனியே சொல்லாததை இப்படிச் சொல்லலாம்.

‘ஏரி கோடி போகிறது’ என்பது இவ்வட்டாரத்தில் மகிழ்ச்சிச் செய்தி. கோடி வழிந்தால் பிள்ளைகள் பார்க்கப் போவார்கள். அடுத்த போகம் உறுதி. அதே தொடர் எச்சரிக்கையாகவும் வழங்க வேண்டிய காலம் வந்திருப்பதை 2024 டிசம்பரின் முதல் இரண்டு நாள்கள் காட்டின. இந்த ஏரி இத்தனை மணிக்குள் கோடி போகும், அதன் நீர் இன்ன ஓடை வழியே சங்கராபரணியை அடையும், அங்கிருந்து வீடூர் அணைக்கு இவ்வளவு நேரம் என்று ஊர்ப்பெயர்களோடு சொல்லும் ஓர் அறிவிப்பை எழுதத் தமிழில் இல்லாத சொல் எதுவும் தேவைப்படாது.